எட்டாத பந்து யார் கணக்கில்? 2004 கோடையில் ஒரு பாஸ்டன் ரசிகர் குழு: நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

2004 ஜூலை 31 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, ஊரே கொண்டாடிய தன் ஷார்ட்ஸ்டாப் (ஓடுபவர் தொட வேண்டிய இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நின்று தடுப்பவர்) நோமார் கார்சியாபாராவைச் சிகாகோ கப்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. அவருக்கு ஈடாக வந்த இருவரும் மட்டையால் பெயர் வாங்கியவர்கள் அல்லர்; பந்தைப் பிடிப்பதிலும் எறிவதிலும் நம்பத்தக்கவர்கள் என்று அறியப்பட்ட, பேஸ்களை ஒட்டி நிற்கும் உள்கள ஆட்டக்காரர்கள். அந்த முடிவுக்கு முன்பும் பின்பும், பாஸ்டனை அடுத்த ஒரு புறநகரில் வாராவாரம் கூடிய ஐந்து ரசிகர்கள் எதைக் கண்டோம், எப்படி வாதிட்டோம், எங்கே தவறினோம் என்பதை நடந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஐவரில் நானும் ஒருவன். மற்ற நால்வரையும் அவர்கள் செய்த தொழிலைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

அணியின் வெற்றி தோல்வி உலகறிந்தது. ஒரு தடுமாறும் அணியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் சான்றை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை என்பதால்தான் இதைப் பதிவு செய்கிறேன்.

கூடிய ஐவர்

கூடிய இடம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் வீட்டுத் தரைத்தளக் கூடம். எழுபது வயதைக் கடந்த அவர், தொலைக்காட்சிக்கு முன்னால் நீளவாட்டான கணக்குப் புத்தகம் ஒன்றை மடியில் விரித்து, பேனாக்கத்தியால் சீவிய பென்சிலால் ஒவ்வொரு பந்தின் முடிவையும் கட்டங்களில் எழுதுவார். அழிப்பானைத் தொடமாட்டார், தவறாக எழுதினால் மேலே ஒரு கோடு மட்டும் விழும். இரண்டாமவர் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். மூன்றாமவர் சிறுவர் பேஸ்பால் அணி ஒன்றுக்குப் பயிற்சி தருபவர். நான்காமவர் கணக்காளர், செய்தித்தாளில் வரும் மட்டை சராசரிகளை (மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு அடியானது என்ற கணக்கை) மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பால் எனக்குப் பாதி வயதில் வந்த பழக்கம் என்பதால் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவனாகவே இருந்தேன்.

தபால்காரருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 1986 அக்டோபர் 25 அன்று, பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமனானால் மேலும் நீளும்) உருண்டு வந்த ஒரு பந்து ரெட் சாக்ஸின் ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரர் பில் பக்னரின் கால்களுக்கிடையே போய்விட்டது. கைக்கெட்டிய பட்டமும் போனது. ஊர் பக்னரைத் திட்டியது. தபால்காரரோ அவரை ஒருநாளும் குறை சொன்னதில்லை. கணுக்கால் வலியோடு நின்ற ஒருவரை, அதற்கு முந்தைய ஆட்டங்களில் கடைசி நேரத்தில் மாற்றிய மேலாளர், அன்று மட்டும் மாற்றாமல் விட்டது ஏன் என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் என்பதால், அவர் உள்களத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் அதைப் பழைய புலம்பலாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வழக்கத்தை நினைவில் வைக்க வேண்டும்.

பருவத்துக்கு முன்

பேஸ்பாலில் மேலாளர் என்பவர் களத்தில் அணியை நடத்துபவர்: யார் ஆடுவது, யார் எப்போது வெளியேறுவது என்று முடிவெடுப்பவர். ஆட்களை வாங்குவதும் விற்பதும் பொது மேலாளரின் வேலை. 2003 அக்டோபர் 16 அன்று, உலகத் தொடருக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் தொடரில், நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில் 5-2 என்று முன்னிலையில் இருந்தபோது, மேலாளர் கிரேடி லிட்டில் களைத்துப்போன பந்து எறிபவர் பெட்ரோ மார்ட்டினெஸை எட்டாவது இன்னிங்ஸில் எறியவிட்டார். யாங்கீஸ் சமன் செய்தது; பதினோராவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன்னில் (எல்லையைத் தாண்டிய அடியில்) யாங்கீஸ் வென்றது. அந்த மாத இறுதியிலேயே லிட்டிலின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று அறிவித்துவிட்டார்கள்.

அவர் இடத்துக்கு டெரி ஃபிராங்கோனா வந்தார். ஃபிலடெல்ஃபியாவில் 1997 முதல் 2000 வரை நான்கு பருவங்கள் நடத்தி, நான்கிலும் வெற்றியைவிடத் தோல்வியே மிகுதியாகக் கண்டவர் அவர். எங்கள் கூடத்தில் அவருக்கு வரவேற்பு இல்லை. பொது மேலாளர் தியோ எப்ஸ்டீனுக்கு அப்போது முப்பது வயதுதான்.

குளிர்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. நட்சத்திர ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் ரோட்ரிகஸை டெக்சாஸ் அணியிலிருந்து கொண்டுவர அணி முயன்றது. அது கைகூடினால் நோமாரை வேறொரு அணிக்கு அனுப்பும் திட்டமும் இருந்தது. ரோட்ரிகஸின் ஊதியத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை ஆட்டக்காரர் சங்கம் ஏற்கவில்லை, பேச்சு முறிந்தது, ரோட்ரிகஸ் யாங்கீஸுக்குப் போனார். தன்னை அனுப்பப் பார்த்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டே நோமார் அந்தப் பருவத்துக்கு வந்தார். அவருடைய ஒப்பந்தமும் அந்த ஆண்டோடு முடிவதாக இருந்தது. 1999-இல் .357, 2000-இல் .372 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மட்டை சராசரியில், பேஸ்பாலின் இரண்டு லீகுகளில் ரெட் சாக்ஸ் ஆடும் லீகின் முதலிடம் பிடித்தவர் அவர். மட்டை பிடிக்கும் முன் கையுறைப் பட்டைகளை மாறி மாறி இழுத்துவிட்டு, காலின் நுனியைத் தரையில் தட்டும் அவருடைய பழக்கத்தை அந்தத் தெருவில் ஒவ்வொரு பிள்ளையும் செய்துகாட்டும். தபால்காரரின் ஒன்பது வயதுப் பேரன் பல் துலக்கப் போகும்போதுகூடச் செய்வான்.

கோடையில் கண்டது

நோமாருக்கு வலது குதிகால் தசைநாணில் காயம். பருவத்தின் முதல் இரண்டு மாதம் அவர் ஆடவில்லை. ஜூன் 9 அன்றுதான் களமிறங்கினார். அதுவரை ஷார்ட்ஸ்டாப்பில் போக்கி ரீஸ் நின்றார். செகண்ட் பேஸில் மார்க் பெல்ஹார்ன். ரீஸின் மட்டை பலவீனம், கை மிகச் சிறப்பு. செகண்ட் பேஸில் இரண்டு முறை, சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது வாங்கியவர். ஏப்ரலில் அணி நன்றாகத் தொடங்கியது. மே மாதத்திலிருந்து வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தன. அவ்வளவு ஊதியம் வாங்கும் அணி ஏன் இப்படித் தள்ளாடுகிறது என்பதே கூடத்தின் பேச்சாகியது.

அந்த வாரங்களில் எங்களிடையே நான்கு வழக்குகள் ஓடின. முதல் வழக்கு மேலாளரைப் பற்றியது. ஃபிராங்கோனா யாரையும் மாற்றாமல் பொறுமை காட்டுகிறார், அந்தப் பொறுமை திறமையின்மைக்கு இன்னொரு பெயர் என்று செவிலியர் வாதிட்டார். இரண்டாவது, டெரெக் லோ. 2002-இல் 21 ஆட்டங்களை வென்ற இந்தப் பந்து எறிபவர், 2004-இல் தொடர்ந்து அடி வாங்கினார். பருவ முடிவில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்ட ரன் கணக்கு 5.42 என்று நின்றது. அவரை முதலில் எறிய அனுப்பவே கூடாது என்பதில் எங்களில் நால்வருக்கு ஒரே கருத்து. மூன்றாவது பெல்ஹார்ன். அந்தப் பருவத்தில் அவர் 177 முறை ஸ்ட்ரைக் அவுட் (பந்தைக் களத்துக்குள் அடிக்காமலே அவுட்) ஆனார். லீகில் அதுவே அதிகம். பயிற்சியாளருக்கு அவரைப் பார்த்தாலே ஆகாது. கணக்காளர் மட்டும், பெல்ஹார்ன் பொறுமையாக நின்று, தவறாக எறியப்பட்ட நான்கு பந்துகளுக்கு ஈடாக ஃபர்ஸ்ட் பேஸுக்கு வாங்கும் இலவச நடைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தொடர்ந்து பேசினார். நான்காவது, நோமார் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. அதை வழக்கு என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் எதிர்த்துப் பேச ஆளில்லை.

இந்த நான்கையும் தனித்தனியாகவே பேசினோம். ஒரு மாலை மேலாளர், மறு மாலை லோ, அடுத்த வாரம் பெல்ஹார்ன். அவை நான்கும் ஒரே வழக்கின் நான்கு முனைகள் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

லோ எறியும் பந்து மட்டைக்கு அருகே வந்ததும் கீழிறங்கும். அதை அடிப்பவர்கள் வானத்துக்கு அடிப்பது அரிது. பந்து பெரும்பாலும் தரையில் உருண்டு உள்களத்துக்கே போகும். அப்படி உருளும் பந்தை ஷார்ட்ஸ்டாப் எட்டிப் பிடித்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தால் ஆள் அவுட். அரை அடி தள்ளிப் போய்விட்டால் அடித்தவர் பேஸில் நிற்பார். இங்கேதான் கணக்கெழுதும் முறையின் சூது இருக்கிறது. கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டால் அது ஆட்டக்காரரின் பிழை என்று பதிவாகும். கால் மெதுவாகி, பந்துக்கு எட்டவே முடியாமல் போனால், அது எதிரணியின் அடி என்று பதிவாகி, எறிந்தவரின் கணக்கில் ஏறும். ஆக, உள்களம் தளர்ந்த அணியில் ஷார்ட்ஸ்டாப்பின் ஏட்டில் கறை விழாது. லோவின் ஏட்டில் விழும். லோவை மாற்றாத மேலாளர் குற்றவாளி ஆவார். கிரிக்கெட்டிலும் பாயிண்டில் நிற்பவர் பாய்ந்து தடுக்கும் நாலு ரன் எந்த அட்டையிலும் வராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை இங்கே பொருத்திப் பார்க்கவில்லை.

தபால்காரர் பார்த்திருந்தார். ஜூன் நடுவில் ஒரு நாள் அவர் புத்தகத்தைப் புரட்டியபோது, உள்களத்தின் இடப்பக்கத்தைக் குறிக்கும் இடத்தில் சின்னச் சின்ன வட்டங்களாகக் கிடந்ததைக் கண்டேன். கேட்டதற்கு, நல்ல காலும் இடுப்பும் உள்ள ஷார்ட்ஸ்டாப் எட்டியிருக்கக்கூடியது என்று தனக்குத் தோன்றும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வட்டம் போடுவதாகச் சொன்னார். ஏப்ரல், மே பக்கங்களில் வட்டங்கள் அருகியே இருந்தன. நோமார் திரும்பிய பிறகான பக்கங்களில் அவை நெருங்கி விழுந்திருந்தன. நோமாரின் வரவோடு ரீஸ் ஷார்ட்ஸ்டாப்பை விட்டு நகர வேண்டியிருந்தது. மட்டை பலப்பட்ட அதே நாளில் உள்களம் பலவீனமானது.

புத்தகத்தை அவர் மற்றவர்களுக்கும் காட்டினார். கணக்காளர், ஒருவரின் கண்மதிப்பு சான்றாகாது என்றார். அது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அதற்கு மாற்றாக அவர் வைத்தது மட்டை சராசரி மட்டுமே, அதுவோ கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். பயிற்சியாளர், காயத்திலிருந்து வந்தவருக்கு ஒரு மாதம் கொடுக்க வேண்டும் என்றார். செவிலியர், மறுபடி 1986 வந்துவிட்டது என்று சொல்லி எழுந்து போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 1 அன்று யாங்கீஸ் மைதானத்தில் நடந்த ஆட்டம் ஊரின் மனநிலையை ஓரளவு திருப்பியது. நோமார் அன்று ஆடாமல் இருக்கையில் அமர்ந்திருந்தார். யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர், பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்தைப் பிடித்த வேகத்தில் பார்வையாளர் வரிசைக்குள் விழுந்து முகத்தில் இரத்தத்தோடு எழுந்தார். பதின்மூன்றாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் தோற்றது. மறுநாள் கூடத்தில் நோமாரின் மீது முதன்முறையாகக் கசப்பு எழுந்தது. ஒரு மாதப் பென்சில் வட்டங்கள் செய்ய முடியாததை ஒரே ஒரு காட்சி செய்துவிட்டது. இதில் தபால்காரருக்குத்தான் வருத்தம் அதிகம். காயம்பட்டவன் ஓய்வெடுத்ததைக் குற்றமாக்காதீர்கள், அவன் ஆடிய நாட்களைப் பாருங்கள் என்றார். அவர் சொன்னதே சரி என்று இன்றும் நினைக்கிறேன். நாங்கள் சரியான முடிவை நோக்கித் தவறான காரணத்துக்காக நகர்ந்தோம்.

ஜூலை 31

பரிமாற்றத்துக்கான கடைசி நாள் அது, சனிக்கிழமை. அணி மினசோட்டாவில் இருந்தது. நான்கு அணிகள் சேர்ந்த பரிமாற்றம் என்று மாலையில் செய்தி வந்தது. நோமாரும் மாட் மர்ட்டன் என்ற இளைஞரும் சிகாகோ கப்ஸுக்கு. மாண்ட்ரியல் எக்ஸ்போஸிலிருந்து ஷார்ட்ஸ்டாப் ஓர்லாண்டோ கப்ரேராவும், மினசோட்டா ட்வின்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரர் டக் மிண்ட்கேவிச்சும் பாஸ்டனுக்கு. எதிரணியில் இருந்த மிண்ட்கேவிச் அதே மைதானத்தின் ஓர் உடைமாற்றும் அறையிலிருந்து மற்றதற்குப் போனாலே போதும் என்றிருந்தது. அதே நாளில், வேகமாக ஓடுவதற்காகவே டேவ் ராபர்ட்ஸ் என்பவரையும் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வாங்கினார்கள். அவர் பெயரை அன்று எங்களில் ஒருவரும் இரண்டாம் முறை உச்சரிக்கவில்லை.

கணக்காளர் இரண்டு எண்களைக் காகிதத்தில் எழுதி மேசைமேல் வைத்தார்: நோமார் .321, கப்ரேரா .246. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பது அவருடைய நிலை. செவிலியர், மேலாளரைக் காப்பாற்ற ஊரின் பிள்ளையைப் பலிகொடுத்துவிட்டார்கள் என்றார். பயிற்சியாளர் தன் அணிச் சிறுவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தார். பேரன் ஐந்தாம் எண் சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே வர மறுத்தான். தபால்காரர், விலை அதிகம், ஆனால் வாங்கிய பொருள் தேவையானது என்றார். ஆதரித்தவர் அவர் ஒருவரே, எதிர்த்தவர்கள் மூவர், நான் எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

முடிவுக்குப் பின்னிருந்த காரணம்

எப்ஸ்டீன் அன்று சொன்ன காரணம் வெளிப்படையானது: அணியின் தடுப்பாட்டம் ஒரு குறை, அது இப்படியே போனால் பட்டத்தையே பறித்துவிடும் குறையாக மாறும். நோமாரின் ஒப்பந்தம் இன்னும் மூன்று மாதத்தில் முடியும். மனத்தாங்கலோடு இருந்த அவர் நீட்டிப்பார் என்ற உறுதி இல்லை. குதிகாலின் நிலையும் ஐயத்துக்குரியதாக இருந்தது.

இந்தப் பரிமாற்றத்தில் நான் மிகவும் மதிக்கும் கூறு கப்ரேரா அல்ல, மிண்ட்கேவிச். 2001-இல் இருவருமே தங்கக் கையுறை வாங்கியவர்கள். ஷார்ட்ஸ்டாப் அவசரத்தில் எறியும் பந்து தாழ்ந்தோ விலகியோ வரும்போது அதை மண்ணிலிருந்து அள்ளிப் பிடிக்கும் ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரர், மற்ற மூவரின் தவறுகளையும் அவுட்டாக மாற்றித் தருகிறார். உள்களத்தை நான்கு தனி ஆட்களாகப் பார்க்காமல் ஒரே கூட்டாகப் பார்த்தவர்களுக்கே அவரையும் சேர்த்துக் கேட்கத் தோன்றும். நான்கு வழக்குகளைத் தனித்தனியே நடத்திய எங்களுக்கு அது தோன்றியிருக்காது.

அடுத்த இரண்டு மாதம்

பரிமாற்றத்துக்கு முன் அணியின் கணக்கு 56 வெற்றி, 46 தோல்வி. முதல் இரண்டு வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆகஸ்ட் நடுவில் யாங்கீஸைவிடப் பத்தரை ஆட்டம் (வெற்றி, தோல்வி வித்தியாசங்களின் சராசரி) பின்தங்கியிருந்தது. அந்த நாட்களில் எங்கள் கூடத்தில் தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது: பொது மேலாளர் பொடிப்பையன், மேலாளர் கையாலாகாதவர். தபால்காரர் வாதாடுவதை நிறுத்திவிட்டு வட்டம் போடுவதை மட்டும் தொடர்ந்தார். வட்டங்கள் குறைந்திருந்தன. வெற்றி இன்னும் வராத அந்த இரண்டு வாரத்திலேயே குறைந்திருந்தன என்பதுதான் இந்த ஆய்வில் முக்கியமான கவனிப்பு. அதை நான் அப்போதே பார்த்தேன்; பார்த்தும் வாய்திறக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

பிறகு அணி திரும்பியது. ஆகஸ்ட் பிற்பாதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் தொடர்ந்து வென்று, யாங்கீஸுடனான இடைவெளியை இரண்டு ஆட்டங்களாகச் சுருக்கியது. பரிமாற்றத்துக்குப் பிந்தைய கணக்கு 42 வெற்றி, 18 தோல்வி. மொத்தம் 98 வெற்றி. கப்ரேரா பாஸ்டனில் .294 அடித்தார். அது தபால்காரர் உட்பட எவரும் எதிர்பாராதது, ஆகவே அதை முடிவெடுத்தவர்களின் முன்னறிவுக்குச் சான்றாக வைக்க முடியாது.

செப்டம்பர் 24 அன்று மேலாளர் வழக்கு மீண்டும் திறந்தது. யாங்கீஸுக்கு எதிராக, முன்னிலையில் இருந்தபோது, ஃபிராங்கோனா எட்டாவது இன்னிங்ஸில் பெட்ரோவை எறியவிட்டார். ஹிடேகி மட்சுயி ஹோம் ரன் அடித்துச் சமன் செய்ய, ஆட்டம் கைநழுவியது. ஓராண்டுக்கு முன் லிட்டில் செய்த அதே செயல். செவிலியர் அன்று அழுதேவிட்டார். அந்த அழுகையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் 2003-இன் அந்த இரவில் அவர் மருத்துவமனைப் பணியில் இருந்துகொண்டு, படுக்கையில் இருந்த முதிய ரசிகர் ஒருவருக்கு முடிவைச் சொல்ல வேண்டியிருந்தது.

அக்டோபர்

ஏஞ்சல்ஸ் அணியை மூன்று நேர் ஆட்டங்களில் வென்ற பின், நான்கு வெற்றி வேண்டிய அடுத்த சுற்றில் ரெட் சாக்ஸ் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றது, மூன்றாவதில் 19-8. நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், ஒரு ரன் பின்தங்கியிருந்தபோது, மாற்று ஓட்டக்காரராக வந்த டேவ் ராபர்ட்ஸ், பந்து எறியப்படும்போதே ஓடி, செகண்ட் பேஸைத் திருடினார். பில் மில்லரின் அடியில் ஓடி முடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஆர்டிஸின் ஹோம் ரன்னில் ஆட்டம் கைக்கு வந்தது. அடுத்த மூன்றையும் வென்று, 0-3 என்ற நிலையிலிருந்து மீண்ட முதல் பேஸ்பால் அணியாயிற்று.

எங்கள் வழக்குகளின் கணக்கில் பார்த்தால் அந்த மாதம் ஒவ்வொன்றாகத் தீர்ப்புக் கிடைத்தது. பெல்ஹார்ன் யாங்கீஸ் தொடரில் அடிக்கவே முடியாமல் திணறியபோது, ரீஸை ஆடவைக்க வேண்டும் என்று பயிற்சியாளர் கத்தினார்; ஃபிராங்கோனா மாற்றவில்லை. ஆறாவது ஆட்டத்தில் பெல்ஹார்ன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், ஏழாவதில் ஒன்று, உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் 9-9 என்ற நிலையை உடைத்ததும் அவருடைய ஹோம் ரன்தான். லோ, மூன்று சுற்றுகளின் இறுதி வெற்றியையும் தன் பெயரில் எழுதிக்கொண்டார். கோடையில் யாரை வெளியேற்றச் சொன்னோமோ அவர்.

ஆனால் ஒரு தகவலை இங்கே மறைத்தால் இந்தப் பதிவு நேர்மையாகாது. உலகத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் ரெட் சாக்ஸ் தலா நான்கு பிழைகள் செய்தது. இரண்டாவதில் மூன்று பிழைகள் தேர்ட் பேஸில் நின்ற பில் மில்லருடையவை. இரண்டு ஆட்டங்களையும் வென்றது. தடுப்பாட்டத்தைச் சீராக்கியதால்தான் பட்டம் வந்தது என்று ஒரே கோட்டில் எழுதிவிட முடியாது. பந்து எறிந்த கர்ட் ஷில்லிங், கீத் ஃபோக், மட்டை பிடித்த ஆர்டிஸ், மேனி ராமிரஸ் என்று பல கைகள் அதில் இருந்தன. கணக்காளர் இன்றும் இதைச் சுட்டிக்காட்டுவார், சுட்டிக்காட்ட வேண்டியதுதான்.

அக்டோபர் 27 அன்று, செயின்ட் லூயிஸில், நான்காவது ஆட்டத்தின் கடைசிப் பந்து. செயின்ட் லூயிஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் எட்கர் ரெண்டெரியா அடித்தது ஃபோக்கின் கைக்கே துள்ளி வந்தது. அவர் சில அடி ஓடி, கைகீழாக ஃபர்ஸ்ட் பேஸுக்குத் தள்ளினார். அங்கே நின்றவர் மிண்ட்கேவிச். ஆட்டத்தைத் தொடங்கியவர் அல்ல, கடைசி நேரத்தில் தடுப்பாட்டத்துக்காக மாற்றி நிறுத்தப்பட்டவர். 1918-க்குப் பிறகு முதல் பட்டம். கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தபோது தபால்காரர் மட்டும் உட்கார்ந்தபடி, புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் அந்த அவுட்டை எழுதி, ஃபர்ஸ்ட் பேஸைக் குறிக்கும் எண்ணைச் சுற்றிப் பென்சிலை இரண்டு முறை ஓட்டினார். பக்னரை மாற்றியிருக்க வேண்டும் என்று பதினெட்டு ஆண்டுகள் அவர் கேட்ட கேள்விக்கு, ஃபிராங்கோனா அந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு கடைசி இன்னிங்ஸிலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கே தவறினோம், எதை மாற்றினோம்

மேலாளரின் பொறுமையை ஏசினோம். அதே பொறுமைதான் பெல்ஹார்னை வரிசையில் வைத்திருந்தது. பெட்ரோவை எறியவிட்டதும் அதே பொறுமைதான். ஒரு குணம் இரண்டு பலன் தரும்போது, பலனைப் பார்த்துக் குணத்துக்குப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தோம். இதைவிடப் பெரிய தவறு, சான்று வைத்திருந்தவரை அவருடைய பழைய துக்கத்தின் பெயரால் ஒதுக்கியது. அவர் கண்மதிப்பில் ஐயம் இருந்திருந்தால், இன்னொருவர் தனியே உட்கார்ந்து அதே வட்டங்களைப் போட்டு ஒப்பிட்டிருக்கலாம். ஜூன் மாதத்தில் இரண்டு வார வேலை அது. அதைச் செய்யாதது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

அடுத்த பருவத்திலிருந்து இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஷார்ட்ஸ்டாப் வட்டங்களை இருவர் தனித்தனியாகப் போட்டு மாதக் கடைசியில் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு பெரிய முடிவைப் பற்றியும் அவரவர் கருத்தை, பலன் தெரியும் முன், காரணத்தோடு தேதியிட்டு எழுதி உறையில் போட வேண்டும்.

முதல் உறைக்கு உடனே வேலை வந்தது. பட்டம் வென்ற சில வாரங்களிலேயே கப்ரேரா ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டார். பாஸ்டன், கடைசிப் பந்தை அடித்த அதே ரெண்டெரியாவை நான்கு ஆண்டுக்கு 40 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் செய்தது. 2002, 2003 இரண்டிலும் தங்கக் கையுறை வாங்கியவர், மட்டையும் நல்லது. ஐவரும் எழுதினோம். 2005-இல் ரெண்டெரியா 30 பிழைகள் செய்தார்; லீகுகள் இரண்டிலும் சேர்த்து எந்த ஷார்ட்ஸ்டாப்பும் அவ்வளவு செய்யவில்லை. டிசம்பரில் அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் உறைகளைப் பிரித்தோம். நால்வர் கை நல்லது, மட்டை நல்லது என்று எழுதியிருந்தோம். தபால்காரரும் அதையே எழுதியிருந்தார். கீழே ஒரு வரி கூட்டியிருந்தார்: செயின்ட் லூயிஸில் இவரை வருடத்துக்குச் சில ஆட்டங்கள்தான் பார்த்திருக்கிறேன், வட்டம் போட்டுப் பார்த்ததில்லை.